பிஸ்தாரை, பிஸ்தாரை: வன்னியிலயிருந்து கோசாய்குண்டம் ஏரிக்குப் போறவைக்கு

கோசாய்குண்டத்துக்குப் போறது எப்பிடி எண்டு கனபேர் என்னட்டக் கேட்டுட்டினம். ஒவ்வொருத்தருக்கும் போனில சொல்லுறதை விட ஒரேயடியா எழுதிவிடுறது நல்லம் எண்டு இருந்து எழுதுறன். நீளமாத்தான் வரும், போற எண்ணம் இருக்கிற ஆக்கள் முழுக்க வாசியுங்கோ, உயரத்தைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தை மட்டும் ரெண்டு தரம் வாசியுங்கோ.

இடம் நேபாளத்தில, காத்மண்டுவுக்கு வடக்கால ரசுவா மாவட்டத்தில, லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கு. 4380 மீற்றர் உயரம். ஆலகால விசத்தைக் குடிச்ச சிவபெருமான் தொண்டை எரிவு தாங்காம சூலத்தால மலையைக் குத்த, அதில ஊறி வந்த தண்ணிதான் இந்த ஏரி எண்டு அங்கத்தைச் சனம் நம்புது. இதிலயிருந்து இறங்கி வாற ஆத்துக்குப் பேரே திரிசூலி தான். திருநீலகண்டம் எண்டு சின்னனிலயிருந்து பாடி வளந்த எங்களுக்கு அந்தக் கதையை அந்த இடத்தில நிண்டு கேக்கிறது வேற மாதிரி இருக்கும். சாமி கும்பிடாத ஆக்களுக்கும் சொல்லுறன், அந்தத் தண்ணியின்ர நிறத்தைப் பாக்கிறதுக்காகவே போகலாம்.

நான் ரெண்டு தரம் போனனான், சித்தப்பாவோட. முதல்தரம் 2023 சித்திரையில போய் ஏரியைக் காணாமலே திரும்பி வந்தனாங்கள், அடுத்த வருசம் போய்த்தான் கண்டது. முதல்தரம் விட்ட பிழை முழுக்க எங்கட அவசரத்தால வந்தது, அதாலதான் இவ்வளவு எழுதுறன்.

எங்கட நிலம் எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியும். இரணைமடுக் குளக்கட்டில ஏறி நிண்டாலும் கடல் மட்டத்திலயிருந்து சில பத்து மீற்றர் தான். இலங்கையிலயே ஆக உயரமான பிதுருதலாகல மலை 2524 மீற்றர், அதின்ர உச்சியில நிண்டாலும் இந்த ஏரி இன்னும் 1850 மீற்றருக்கு மேல இருக்கும். வன்னிச் சனம் நடைக்குப் பயந்த சனம் இல்லை, வற்றாப்பளைக்கு நடக்கும், கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும், வயலுக்க விடிய இறங்கினா பொழுதுபட ஏறுற சனம். ஆனா அந்தப் பலம் வேற, உயரம் வேற. இதை நான் சொல்லேக்க ஒருத்தரும் நம்புறேல்லை, நானும் முதல் நம்பேல்லை.

எப்ப போறது எண்டதில இருந்து தொடங்குவம். நேபாளத்தில மலை ஏற நல்ல காலம் எண்டு சொல்லுறது ரெண்டு, ஒண்டு ஒக்டோபர் நவம்பர், மற்றது மார்ச் கடைசியிலயிருந்து மே வரைக்கும். ஒக்டோபர் நவம்பரில வானம் ஆகத் தெளிவா இருக்கும், ஆனா அது எங்கட காலபோக விதைப்புக் காலம், வயல் செய்யிற ஆக்கள் அப்ப அசையேலாது. அதால அரிவி வெட்டு முடிஞ்சு நெல்லு வித்த கையோட சித்திரையில போறது தான் எங்களுக்குத் தோதாயிருக்கும். அப்ப காடு முழுக்க லாலிகுராஸ் எண்டு அவையின்ர தேசியப் பூ, சிவப்புச் சிவப்பா மரம் நிறையப் பூத்திருக்கும். ஆனா ஒண்டு, குளிர் காலத்தில ஏரி உறைஞ்சிடும், சித்திரை முற்பகுதியில போனா வெள்ளையா ஐஸ் பாளம் தான் காணுவியள். சித்திரைக் கடைசி, வைகாசி தொடக்கம் எண்டா தண்ணி திறந்திருக்கிறதுக்கு வாய்ப்புக் கூட. எங்கட சித்திரை வருசப்பிறப்பும் நேபாளியளின்ர புதுவருசமும் ஒரே நேரத்தில தான் வாறது, அந்த நாலைஞ்சு நாளும் பஸ், லொட்ஜ் எல்லாம் நிரம்பி வழியும், அதைத் தள்ளிப் போங்கோ.

ஆவணிப் பறுவத்தில ஜனை பூர்ணிமா எண்டு அங்க பெரிய திருவிழா, எங்கட ஊரில பூணூல் மாத்துற ஆவணி அவிட்டம் வாற அதே பறுவம் தான். ஆயிரக்கணக்கில சனம் ஏறி வந்து அந்த ஐஸ் தண்ணியில முழுகும். பாக்க ஆசையா இருக்கும், ஆனா அது மழைக்காலம், அட்டை, மண்சரிவு, ஒரு முகிலுக்கு அங்கால ஒண்டும் தெரியாது, படுக்க இடமும் இல்லை. முதல்தரம் போறவைக்கு அது வேண்டாம்.

பாஸ்போட் இல்லாத ஆக்கள் வவுனியா அலுவலகத்தில எடுக்கலாம். விசாவுக்கு அலைய வேண்டிய தேவை இல்லை, நாங்கள் சார்க் எண்ட தெற்காசிய நாட்டுக் கூட்டமைப்பு ஆக்கள் எண்டபடியா அந்த வருசத்தில முதல்தரம் போகேக்க 30 நாளுக்கு காசில்லாம விசா அங்க எயார்போட்டிலயே குத்தித் தருவினம். கொழும்பிலயிருந்து காத்மண்டுவுக்கு நேரடி விமானம் இருக்கு. மலிவு எண்டு இந்தியாவுக்கால ரெண்டு தனித்தனி ரிக்கெட் போட்டியளெண்டா அங்க வெளிய வந்து பாக்கை எடுத்துத் திரும்பப் போடோணும், அதுக்கு இந்திய விசா வேணும், கட்டுநாயக்காவிலயே உங்களை நிப்பாட்டிப் போடுவினம். எங்கட காசை அங்க மாத்துறது கஷ்டம், கொழும்பில டொலரா மாத்திக்கொண்டு போங்கோ. மலைக்கு மேல காட் வேலை செய்யாது, ஏடிஎம்மும் இல்லை, காத்மண்டுவிலயே நேபாள ரூபாயை சின்னத் தாளா மாத்தி வைச்சிருங்கோ. மணிக்கூட்டை 15 நிமிசம் முன்னுக்கு வைக்கோணும், அவ்வளவு தான் வித்தியாசம்.

ரிக்கெட் போடேக்க நாளை இறுக்கிப் போடாதீங்கோ. முதல்தரம் எங்களுக்கு விமானம் மாறி ஒரு நாள் போச்சு, மண் சரிஞ்சு றோட்டு அடைபட்டு இன்னொரு நாள் போச்சு, லீவு முடியிற நாள் தலைக்கு மேல நிண்டுது, அந்த ரெண்டு நாளையும் மலையில மிச்சம் பிடிப்பம் எண்டு வெளிக்கிட்டதுதான் எல்லாத்துக்கும் காரணம். வீட்டிலயிருந்து வெளிக்கிட்டு வீடு வர குறைஞ்சது 13, 14 நாள் ஒதுக்குங்கோ. அவ்வளவு லீவு இல்லையெண்டா அடுத்த வருசம் போங்கோ.

உடம்பைத் தயார் பண்ணுறதுக்கு ஜிம் தேவையில்லை. மூண்டு மாசத்துக்கு முதலே சப்பாத்தை வாங்கி அதோட நடக்கத் தொடங்குங்கோ, கணுக்காலை மூடுற மாதிரி, பெருவிரலுக்கு முன்னால கொஞ்சம் இடம் விட்டு வாங்கோணும், இறங்கேக்க விரல் முன்னால போய் இடிக்கும், இடம் இல்லையெண்டா நகம் கறுத்துப் போகும். குளக்கட்டில காலமை ஒரு மணித்தியாலம், முதுகில அஞ்சு கிலோ அரிசிப் பையோட. எங்களிட்ட மலை இல்லாத குறைக்கு சிவனொளிபாதமலைக்கு ஒருக்கா ஏறி வாங்கோ, டிசம்பர் பறுவத்திலயிருந்து வைகாசி வெசாக் வரைக்கும் அங்க சீசன், ஆயிரக்கணக்கான படி, அதை ஏறி இறங்கி அடுத்த நாள் முழங்கால் என்ன சொல்லுது எண்டு பாத்தா உங்களுக்கே விளங்கும்.

டொக்டரிட்ட ஒருக்கா போயிட்டு வாங்கோ. பிரசர், சுகர், இருதய வருத்தம், தொய்வு இருக்கிற ஆக்கள் கட்டாயம். இன்சுலின் போடுறவை அதை உறைய விடக்கூடாது, இரவில படுக்கைக்குள்ள உடம்போட வைச்சுக்கொண்டு படுக்கோணும், சுகர் பாக்கிற மெசினையும் அப்பிடித்தான், குளிரில பற்றரி செத்துப் போகும். இன்னொண்டு, எங்கட பக்கத்தில சண்டையில பட்ட செல் துண்டு உடம்புக்குள்ளயே இருக்கிற சனம் எத்தினை பேர். நெஞ்சில, தலையில காயம் பட்டவை, நுரையீரலில ஒபரேசன் செய்தவை எக்ஸ்றே எடுத்துக் காட்டி, இவ்வளவு உயரத்துக்குப் போகலாமோ எண்டு நேர கேளுங்கோ. டொக்டர் ஓம் எண்டா உடம்பில இரும்பு இருக்கெண்டு ஒரு கடிதமும் வாங்குங்கோ, எயார்போட் மெசினில சத்தம் போட்டா அந்தக் கடிதம் உங்களைக் கனக்க விளக்கம் சொல்லுறதிலயிருந்து காப்பாத்தும். சித்தப்பாவுக்கு தோளில ஒரு துண்டு இருக்கு, அதால மலையில ஒரு பிரச்சினையும் வரேல்லை, பாக் பட்டி அழுத்திறது மட்டும் தான், அதுக்கு துவாயை மடிச்சு வைச்சனாங்கள்.

குளிர் உடுப்புக்கு இஞ்ச காசைக் கொட்டாதீங்கோ. காத்மண்டுவில தமேல் எண்ட இடத்தில தடிச்ச ஜக்கெட், படுக்கிற உறைப்பை, ஊண்டுகோல் எல்லாம் வாடகைக்கு எடுக்கலாம், பனி கிடக்குதெண்டு கேள்விப்பட்டா சப்பாத்துக்கு அடியில கொழுவுற பல்லுச் சங்கிலியும் எடுங்கோ. உடம்போட ஒட்டி ஒரு உள்ளுடுப்பு, அதுக்கு மேல கம்பளி, அதுக்கு மேல ஜக்கெட், எல்லாத்துக்கும் மேல காத்தும் மழையும் புகாத ஒண்டு, இந்த நாலும் போதும். பருத்தி பெனியன் வேர்வையில நனைஞ்சா காயாது, நிண்டவுடன குளிர் எலும்புக்க போகும், நடக்கேக்க அதைப் போடாதீங்கோ. சாரம் ஒண்டு கட்டாயம் கொண்டு போங்கோ, உடுப்பு மாத்த, போர்க்க, தலையில சுத்த எல்லாத்துக்கும் உதவினது அது தான். கறுப்புக் கண்ணாடி வேணும், பனியில படுற வெயில் கண்ணைச் சுட்டுப்போடும். ரோச், பனடோல், ஜீவனி, இருமல் மருந்து, காலில கொப்புளம் போட்டா ஒட்டுறதுக்கு பிளாஸ்டர். இன்சூரன்ஸ் எடுக்கேக்க 5000 மீற்றர் வரைக்கும் ஹெலிகொப்டர் செலவையும் குடுக்குமோ எண்டு எழுத்தில பாத்து எடுங்கோ, அங்க ஒருக்கா ஹெலி வந்து இறங்கினா ஆயிரக்கணக்கில டொலர், அதை கையால கட்ட எங்களால ஏலாது.

காத்மண்டு 1400 மீற்றர். இறங்கின உடன அடுத்த நாளே மலைக்கு ஓடாம ரெண்டு இரவு நில்லுங்கோ. ஒரு நாள் பசுபதிநாத், பௌத்தநாத் பாருங்கோ, அதே நாளில பேப்பர் அலுவலையும் முடியுங்கோ. பூங்காவுக்குள்ள போற அனுமதிக்கு சார்க் ஆக்களுக்கு 1500 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டாக்களுக்கு அது 3000, அதோட வரியும் சேரும், அதால பாஸ்போட்டை முதலே காட்டி சார்க் எண்டு சொல்லுங்கோ. மலை நடக்கிற ஆக்களுக்கு டிம்ஸ் எண்டு ஒரு அட்டையும் இருக்கு. 2023 ஏப்ரலிலயிருந்து வெளிநாட்டாக்கள் கைட் இல்லாம நடக்கேலாது எண்டு சட்டம் கொண்டு வந்திட்டினம், பதிஞ்ச ஏஜென்சி ஒண்டுக்கால கைட் எடுத்தா அட்டையையும் அவையே எடுத்துத் தருவினம். கைட் செலவைக் கூட எண்டு நினைக்காதீங்கோ, பின்னுக்கு வாற கதையில அவர் இல்லையெண்டா என்ன நடந்திருக்கும் எண்டு எனக்கு நினைக்கவே பயம்.

நடை தொடங்கிற துஞ்சே எண்ட ஊருக்கு விடியக் காலமை மச்சாபோகரி பஸ் நிலையத்தில பஸ் எடுக்கோணும். மச்சாபோகரி எண்டா அவையின்ர பாசையில மீன் குளமாம், குளத்துப் பேரில ஒரு ஊர் எண்டதும் எங்களுக்கு வீட்டு ஞாபகம் வந்திட்டுது. தூரம் நூத்திச் சொச்சம் கிலோமீற்றர் தான், ஆனா ஏழு எட்டு மணித்தியாலம் எடுக்கும், மலையைச் சுத்திச் சுத்திப் போற றோட்டு, ஒரு பக்கம் அதலபாதாளம். வெறும் வயித்தில ஏறாம லேசா ஏதும் சாப்பிட்டு, சத்தி வாற ஆக்கள் குளிசை போட்டுக்கொண்டு ஏறுங்கோ. துஞ்சேக்குக் கிட்ட ஆமி செக்பொயின்ற் ஒண்டில இறக்கி பாக்கைத் திறந்து பாப்பினம். செக்பொயின்ற் எண்டதும் எங்கட சனத்துக்கு நெஞ்சு ஒருக்கா பழைய இடத்துக்குப் போகும், சித்தப்பா பாஸ்போட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். அங்க அது பேர் எழுதிற அலுவல் மட்டும் தான், பயப்பிடாதீங்கோ.

இனித்தான் முக்கியமான விசயம், உயரம்.

மேல காத்தில ஒட்சிசன் வீதம் குறையுறேல்லை, அது எங்கயும் நூற்றுக்கு 21 தான். குறையிறது காத்தின்ர அழுத்தம். 4380 மீற்றரில அழுத்தம் கடற்கரையில இருக்கிறதில நூற்றுக்கு 60 கூட வராது, அப்ப ஒவ்வொரு மூச்சிலயும் உள்ள போற ஒட்சிசனும் அவ்வளவு தான். கொண்டு போன மலிபன் பிஸ்கட் பைக்கற் மேல போகப் போக பலூன் மாதிரி ஊதிக்கொண்டு வரும், அதைப் பாத்தே விளங்கிக்கொள்ளலாம். உடம்பு இதுக்குப் பழகும், ஆனா அதுக்கு நாள் வேணும். பழகுற வேகத்தை நீங்கள் கூட்டேலாது, இளந்தாரி கிழவர், பலசாலி நோஞ்சான் எண்டு அது பாக்கிறதும் இல்லை. பலசாலிக்குத்தான் ஆபத்துக் கூட எண்டு நான் சொல்லுவன், ஏனெண்டா அவர் கெதியா ஏறிப்போடுவார்.

டொக்டர்மார் சொல்லுற கணக்கு இது. 3000 மீற்றருக்கு மேல போனா, இண்டைக்குப் படுக்கிற இடம் நேத்துப் படுத்த இடத்தை விட 500 மீற்றருக்கு மேல உயரமா இருக்கக்கூடாது, மூண்டு நாலு நாளுக்கு ஒருக்கா ஒரே இடத்தில ரெண்டு இரவு தங்கோணும். பகலில எவ்வளவு ஏறினாலும் படுக்கிறதுக்கு கீழ இறங்கி வாறது நல்லம். கோசாய்குண்டத்தில இதை மீறுறது சரியான லேசு, பாதை நட்டுக்கு நிக்கிறபடியா, துஞ்சே கிட்டத்தட்ட 2000 மீற்றர், அங்கயிருந்து ரெண்டே நாளில ஏரியில நிக்கலாம். திருவிழாவுக்குப் போற அங்கத்தைச் சனமே அப்பிடி ஓடி ஏறித்தான் விழுறது. புத்த பஸ்நியாத் எண்ட நேபாள டொக்டரும் அவரோட சேந்தவையும் அந்த யாத்திரைக்காரரைச் சோதிச்சு 2000ம் ஆண்டு எழுதின ஆய்வில நூற்றுக்கு 68 பேருக்கு மலை வருத்தம் இருந்திருக்கு. மலைநாட்டில பிறந்த சனத்துக்கே அப்பிடியெண்டா சமதரையில பிறந்த எங்களுக்கு எப்பிடியிருக்கும்.

முதல்தரம் நாங்கள் செய்தது இதுதான். துஞ்சேயில ஒரு இரவு, அடுத்த நாள் சந்தன்பாரி, 3330 மீற்றர். அங்க ரெண்டு இரவு எண்டு போட்ட திட்டத்தை, நாள் போட்டுது எண்டு ஒரு இரவாக்கி, அடுத்த நாள் லௌரிபினா போயிட்டம், 3900 மீற்றருக்குக் கிட்ட. கைட் வேண்டாம் எண்டவர். நான் தான் ஓமெண்டு நிண்டனான். சித்தப்பாவுக்கு அப்ப 57 வயசு, எங்கள் எல்லாரிலயும் முன்னுக்கு நடந்தது அவர்தான். பின்னேரம் நாலு மணி போல தலையிடிக்குது எண்டார், பனடோல் போட்டம். சோறு வைக்க ரெண்டு வாயோட தட்டைத் தள்ளினவர். ஏழு மணிக்குச் சத்தி எடுத்தார். கேட்டா "ஒண்டுமில்லையடா தம்பி, பஸ்ஸில ஆடினது இப்பத்தான் காட்டுது" எண்டார். பஸ் ஏறி ரெண்டு நாள் ஆச்சு.

கைட் என்னை வெளியால கூப்பிட்டு, அவரை நேர்கோட்டில நடக்கச் சொல்லு எண்டார், குதிக்காலை மற்றக் காலின்ர விரலோட முட்ட வைச்சு. நான் சித்தப்பாட்டப் போய், "சித்தப்பா, எங்கட வயல் வரம்பில நடக்கிற மாதிரி இந்தப் பலகை நீளத்துக்கு ஒருக்கா நடந்து காட்டுங்கோ" எண்டன். வாழ்நாள் முழுக்க தலையில கதிர்க்கட்டோட வரம்பால நடந்த மனுசன், நாலாவது அடியில சுவரில போய்ச் சாஞ்சார். "வரம்பு ஆடுது தம்பி" எண்டார். அதை என்னால இப்பவும் மறக்கேலாது.

அதுக்குப் பிறகு ஒரு நிமிசமும் யோசிக்கேல்லை. ரோச் வெளிச்சத்தில, ஒரு பக்கம் கைட், மறு பக்கம் நான், கையைத் தோளில போட்டு இறக்கினம். சந்தன்பாரிக்கு வர நடுச்சாமம் கடந்திட்டுது. விடிய எழும்பி தேத்தண்ணி கேட்டார், அப்பத்தான் எனக்கு உயிர் வந்தது. பேந்து ஒரு டொக்டர் விளக்கினவர், மூளையில நீர் கோக்கத் தொடங்கினா இப்பிடித் தள்ளாடும், அந்த இரவு விடியட்டும் எண்டு இருந்திருந்தா ஆள் இல்லையாம்.

அதால நீங்கள் பாடமாக்க வேண்டியது இவ்வளவு. தலையிடியோட சத்தி, பசியின்மை, தலைச்சுத்து, நித்திரையின்மை ஏதாவது சேந்தா அது மலை வருத்தம், அந்த இடத்திலயே நில்லுங்கோ, மேல ஒரு அடியும் வைக்காதீங்கோ, ஒரு நாளில குறையேல்லையெண்டா இறங்குங்கோ. தள்ளாட்டம், மாறிக் கதைக்கிறது, சும்மா இருக்கேக்கயும் மூச்சு இளைக்கிறது, நுரை மாதிரிச் சளி வாறது, இதில ஒண்டு கண்டாலும் இரவோ பகலோ உடன இறக்குங்கோ, தனிய விடாதீங்கோ, மருந்து குடுத்து விடியும் வரை பாப்பம் எண்டு இருக்காதீங்கோ. வருத்தம் வந்த ஆள் தனக்கு ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லும், அதை நம்பாதீங்கோ, பக்கத்தில இருக்கிற ஆள் தான் பாக்கோணும். எங்கட ஆம்பிளையள் நோவைச் சொல்லாத ஆக்கள், அங்க அந்தக் குணம் ஆளைக் கொண்டுபோடும்.

டயமொக்ஸ் எண்டு ஒரு குளிசை இருக்கு, ஏறத் தொடங்க முதல் நாளிலயிருந்து 125 மில்லிகிராம் காலமையும் பின்னேரமும் போடுறது வழமை, உடம்பு கெதியாப் பழக உதவும். சல்பா மருந்து ஒத்துவராத ஆக்கள் இதைப் போடக்கூடாது, டொக்டரைக் கேக்காமல் ஒருத்தரும் போடாதீங்கோ. விரல் நுனி கூசும், அடிக்கடி மூத்திரம் வரும், பயப்பிட வேண்டாம். ரெண்டாந்தரம் போகேக்க சித்தப்பா டொக்டரின்ர சொல்லில இதைப் போட்டுக்கொண்டுதான் ஏறினவர். ஆனா குளிசை போட்டாச்சு எண்டு நாளைக் குறைக்காதீங்கோ. சாராயம், நித்திரைக் குளிசை வேண்டாம். தண்ணி ஒரு நாளைக்கு மூண்டு லீற்றர், கொதிச்சாறினது.

சரி, நாங்கள் ரெண்டாந்தரம் நடந்த நடையைச் சொல்லுறன், இதை அப்பிடியே பின்பற்றலாம். துஞ்சேயில ஒரு இரவு. அடுத்த நாள் ஒரேயடியா சந்தன்பாரிக்கு ஏறாம இடையில தேவ்ராலியில, 2600 மீற்றர் அளவில, ஒரு இரவு தங்கினம், சின்ன இடம், முதலே கைட்டைக் கொண்டு சொல்லிவைக்கோணும். மூண்டாம் நாள் சந்தன்பாரி. சந்தனத் தோட்டம் எண்டு அர்த்தம், எங்கட சொல்லுத்தான் அங்கயும். அங்க பாற்கட்டி செய்யிற இடம் ஒண்டும் பழைய புத்த கோயில் ஒண்டும் இருக்கு. ரெண்டு இரவு அங்க, நடுவில ஒரு நாள் பாக் இல்லாம சோலாங்பாட்டி வரைக்கும், 3584 மீற்றர், ஏறிப் பாத்திட்டு இறங்கி வந்து படுத்தம். அஞ்சாம் நாள் லௌரிபினா, இது அந்த 500 மீற்றர் கணக்கை விடக் கொஞ்சம் கூட, அதால சந்தன்பாரியில ரெண்டு இரவைக் குறைக்காதீங்கோ. அங்கயிருந்து லாங்டாங் லிருங் மலை, 7227 மீற்றர், கணேஷ் ஹிமால், மனஸ்லு எல்லாம் வரிசையா நிக்கும், விடியக் காலமை அஞ்சரைக்கு எழும்புங்கோ, குளிரெண்டு படுத்துக் கிடக்காதீங்கோ, நான் வாழ்க்கையில கண்ட ஆக வடிவான விடியல் அது.

அந்தந்த லொட்ஜில கிடைக்கிற சாப்பாட்டைப் பற்றி எங்கட ஆக்கள் கவலைப்படத் தேவையில்லை, தால்பாத் எண்டா சோறு, பருப்பு, கிழங்குக் கறி, திரும்பத் திரும்பப் போடுவினம். இடிச்ச சம்பல் ஒரு போத்தலில கொண்டு போங்கோ, மேல போகப் போக வாய்க்கு ருசி கெடும், அது சோத்தை இறக்கும். லௌரிபினா உயரத்தில தண்ணி 87 பாகைக்குக் கிட்டவே கொதிச்சிடும், சோறு அவிய நேரம் எடுக்கும், போய்ச் சேந்தவுடனயே இரவுச் சாப்பாட்டைச் சொல்லிப்போடுங்கோ. போன் சார்ஜ், சுடுதண்ணி எல்லாத்துக்கும் காசு. லொட்ஜ் ஆக்களை தாய், தீதீ எண்டு கூப்பிடுங்கோ, அண்ணா, அக்கா எண்ட மாதிரி, முகம் மலந்திடும். கைட் எங்களுக்கு முதல் படிப்பிச்ச சொல்லு பிஸ்தாரை. ஆறுதலா எண்டு அர்த்தம். சித்தப்பா ரெண்டாந்தரம் முழுக்க அதைத்தான் வாய்க்க சொல்லிக்கொண்டு நடந்தவர், வலக்காலுக்கு ஒரு பிஸ்தாரை, இடக்காலுக்கு ஒரு பிஸ்தாரை. மூக்கால மூச்சு விட்டுக்கொண்டு கதைக்கக் கூடிய வேகம் தான் சரியான வேகம், கதைக்கேலாம இளைச்சா நீங்கள் ஓடுறியள்.

லௌரிபினாவிலயிருந்து ஏரிக்கு மூண்டு மணித்தியாலம் வைச்சுக்கொள்ளுங்கோ. கடைசித் துண்டு மலையின்ர விலாவில வெட்டின ஒடுங்கின பாதை, கழுதை, மாடு வந்தா மலைப் பக்கமா ஒதுங்குங்கோ, பள்ளப் பக்கம் ஒதுங்கினா அது இடிச்சுத் தள்ளிப்போடும். கீழ முதல் சரஸ்வதி குண்டம் தெரியும், பிறகு பைரவ குண்டம், அதுகளைக் கண்டிட்டு இதுதான் எண்டு நினைச்சுப்போடாதீங்கோ, இன்னும் கொஞ்சம் போகோணும். காலமையே வெளிக்கிடுங்கோ, மத்தியானத்துக்குப் பிறகு முகில் மூடிப்போடும்.

ஏரிக்கரையில சின்னச் சிவன் கோயில், மணி, சூலங்கள். முழுகிற ஆசையிருந்தா தலையில தண்ணி தெளிச்சு கால் நனைக்கிறதோட நிறுத்துங்கோ, பிரசர் உள்ள ஆக்கள் கட்டாயம் இறங்கக்கூடாது, கை வைச்ச உடன விரல் விறைச்சுப் போகும். சவுக்காரம் போடாதீங்கோ. கற்பூரம், பூ கொண்டு போற பொலித்தீனைத் திரும்ப பாக்கில போட்டுக்கொண்டு இறங்குங்கோ, 2007ல இந்த ஏரிகளை உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமா அறிவிச்சிருக்கு, அதுக்குப் பிறகும் கரையில பிளாஸ்டிக் கிடக்கிறது பாக்க வயிறு எரியும். சித்தப்பா 2009ல இல்லாமப் போன மகனுக்காண்டி ஒரு சின்ன விளக்கும் போத்தலில நல்லெண்ணெயும் கிளிநொச்சியிலயிருந்து கொண்டு வந்தவர், எண்ணெய் குளிரில தடிச்சுப் போச்சு, போத்தலை நெஞ்சோட வைச்சு இளக்கித்தான் ஊத்தினவர். காத்துக்கு நான் ஜக்கெட்டை விரிச்சு மறைப்புப் பிடிச்சனான். விளக்குக் கொண்டு போறவை எண்ணெயை உள்பொக்கற்றில வையுங்கோ, தீப்பெட்டியை எயார்போட்டில எடுத்துப்போடுவினம், அங்க லொட்ஜில வாங்கலாம்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல நிக்காம லௌரிபினாவுக்குத் திரும்பிப் படுங்கோ. ஏரிக்கரையிலயும் லொட்ஜ் இருக்கு, ஆனா முதல்தரம் போற சமதரை ஆக்களுக்கு அங்க இரவு வேண்டாம். அடுத்த நாள் சந்தன்பாரி, அதுக்கு அடுத்த நாள் துஞ்சே. இறங்கிறது லேசு எண்டு நினைப்பியள், முழங்காலை அரைக்கிறது அதுதான், ஊண்டுகோல் ரெண்டும் அப்பத்தான் வேலை செய்யும்.

ஏரித் தண்ணி வீட்டுக்குக் கொண்டு வாறதெண்டா போத்தலை கழுத்து வரைக்கும் நிரப்பி இறுக்கி மூடுங்கோ. அரைவாசி விட்டு மூடினா கீழ வர வர காத்தழுத்தம் கூடி போத்தல் நசுங்கிப் போகும், எங்கட ஒண்டு அப்பிடி நசுங்கி மூடிக்கால ஒழுகினது. பிளைட்டில கையில கொண்டு ஏற விடமாட்டினம், உடுப்புக்க சுத்தி பெரிய பாக்கில போட்டு விடுங்கோ. எங்கட மற்றப் போத்தல் அப்பிடித்தான் கிளிநொச்சி வரைக்கும் வந்து சேந்தது. அதை சித்தி சாமி அறையில வைச்சிருக்கிறா.